பாம்புச் செவிக்காரர்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பைத்தியங்கள் மத்தியில் என் வீட்டுக்காரருக்குப் பாம்புச் செவிக்காரர் என்று பெயர். பெட்டிமேல் குட்டிக் குட்டி பல்பு மாதிரி கண்ணாடி வால்வுகள் மினுங்குமே, அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர், அதைத்தான் சொல்கிறேன். மூடிப்போன தியேட்டரிலிருந்தும் பழைய இரும்புக் கடையிலிருந்தும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வருவார். துருவைத் தேய்த்து, செத்த சாமான்களை மாற்றி, மறுபடி பாட வைப்பார். அவர் கைபட்ட பெட்டியில் பாட்டே போடாமல் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தாலும் ஸ்பீக்கரில் ஒரு முனகல் கேட்காது என்பது ஊர்ப் பேச்சு. பேச்சு உண்மைதான். அந்தச் செவி மட்டும் அவருடையது இல்லை, என்னுடையது.

இருபத்தாறு வருஷம் நெசவு மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர் அவர். முந்நூறு தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளாத வீராதிவீரர். மில்லை விட்டு வந்தபோது காதுக்குள் ஒரு ரீங்காரமும் கூடவே வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்தான். ஒரு சமயம் ஒரு பெட்டியைச் சரிபார்த்து முடித்துவிட்டு, இரைகிறது இரைகிறது என்று மூன்று வாரம் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கிற கண்டென்சரையெல்லாம் மாற்றினார். வயரையெல்லாம் பிடுங்கி வேறு வழியாகக் கட்டினார். சோறு தண்ணி மறந்தார். கடைசியில் வாய்விட்டுக் கேட்டார்.

"இங்க வாயேன். இது இரையுதா?"

ஸ்பீக்கரில் காதை வைத்தேன். "இல்லையே. கம்முனு இருக்கு."

"நல்லாக் கேளு."

"அட, எத்தனை தடவை கேட்டாலும் அதேதாங்க. ஒண்ணுமே இல்லை."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரமாக அவர் தேடிய இரைச்சல் பெட்டிக்குள் இல்லை, அவர் காதுக்குள் இருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். நானும் காதும் காதும் வைத்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்தான் காது. ஆரம்பத்தில் இரைகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். போகப் போக வகை பிரிக்கத் தெரிந்துவிட்டது. கண்டென்சர் போயிருந்தால் அடித்தொண்டையில் உறுமும். வால்வு கெட்டிருந்தால் எண்ணெய் காய்கிற மாதிரி சுருசுருக்கும். எர்த் சரியில்லையென்றால், பெட்டியைத் தொட்டதும் இரைச்சல் மாறும். நான் சொல்லச் சொல்ல அவர் கை அந்த இடத்துக்குப் போகும். சொல்லக் கூசவில்லை, அந்த நேரங்களில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. துணி அலமாரியில் என் தட்டு இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வால்வுகளைப் பேப்பரில் சுற்றி அடுக்கியிருந்தார், அதைக்கூட மன்னித்தேன். தூசியாக இருக்கிறதே என்று அதில் நாலைந்தை நான் ஈரத்துணியால் துடைக்கப் போய், எது எந்த வால்வு என்று கண்ணாடிமேல் அச்சடித்திருந்த நம்பரெல்லாம் அழிந்துபோய், பதினோரு நாள் என்னோடு பேசாமல் இருந்தாரே, அதையும்தான்.

பெட்டி வாங்க ஆட்கள் வந்தால் அதற்கு ஒரு ஏற்பாடு. அவர் பாட்டில்லாமல் சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்ப்பார். பெரிய ஞானி! அப்போது நான் தட்டோடு உள்ளே வர வேண்டும். அவருடைய காபி டம்ளரை வலப்பக்கம் வைத்தால் சுத்தம். இடப்பக்கம் வைத்தால் இரைகிறது. அவர் அரைக்கண்ணால் டம்ளரைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். "சார், உங்களுக்குப் பாம்புச் செவி" என்பார்கள். அவர் அடக்கமாகச் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை, "இதுல இவளுக்கும் பங்கு இருக்கு" என்று சொன்னால் போதும் என்றிருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

பல் டாக்டர் ஒருவர் ஏதோ தியேட்டரில் கிடந்த ஜோடி ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் ஒரே நாளில் செய்தவை, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் மாற்று கிடையாது, உள்ளே பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்று ஆயிரம் சட்டம். இவரும் ஐந்து மாதம் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். ஒப்படைக்கிற அன்று டாக்டர் தன் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் மரியாதைக்கு என்னிடம், "நீங்களும் கூட உக்காந்து கேப்பீங்களா?" என்று விசாரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "இவளா? இவளுக்கு மிக்ஸி சத்தமும் ஒண்ணுதான், பாட்டும் ஒண்ணுதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். காபி கலந்து டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தேன்.

தட்டோடு திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். வலது பெட்டி சுத்தம். இடது பெட்டி உறுமியது. டாக்டர் தன் மனைவியோடு பேசிக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. மெல்லிசான உறுமல்தான், ஆனால் எனக்குத் தெரியும், கண்டென்சர் உயிரை விடப் போகிற உறுமல். இடப்பக்கம் வைக்க வேண்டிய டம்ளரை எடுத்தேன். கண்ணை மூடியிருந்த இவரைப் பார்த்தேன். வலப்பக்கம் வைத்தேன்.

"சுத்தம் சார்" என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டில் இருபது பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்த ஜோடியைப் பாட விட்டிருக்கிறார்கள். இரண்டாவது பாட்டில் இடது பெட்டியின் கண்டென்சர் வெடித்து, டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்து, வீடு முழுக்கப் புகை. இவரும் அங்கேதான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொத நிமிஷத்துலேர்ந்து இரைஞ்சுதாம். அங்க இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கு, எனக்குத் தவிர" என்றார். ஒரே மாதத்தில், சரிசெய்யக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பன்னிரண்டு வருஷத்தையும் கொட்டித் தீர்த்திருப்பேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். வார்த்தை வார்த்தையாக, என் முகத்துக்கு நேராக நின்று. எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்னங்க, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

"உனக்கும் காது மந்தமாயிருச்சு போல. என்கிட்ட மறைக்காதே. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

நான் வேண்டுமென்றே செய்திருப்பேன் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. உண்மை வாய் வரை வந்தது, சொல்லவில்லை. தன் காதுக்கு ஒரு நாளும் போகாதவர், என் காதுக்காக ஒரு காது டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். பாதி சத்தத்துக்கு அமுக்காமல் விட்டாலே, பாவம் இவளுக்கும் காது போச்சு என்று முடிந்துவிடும். அப்போது ஹெட்ஃபோனில், அன்றைக்கு இடது பெட்டியில் கேட்ட மாதிரியே ஒரு மெல்லிய உறுமல் வந்தது. என் காது மந்தம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அமுக்கினேன். ஒன்று விடாமல் அமுக்கினேன்.

காது டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வயசுல இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பாம்புச் செவி சார்!"

அந்தப் பட்டம் முதல்முறையாக என் பக்கம் வந்தது. நான் தலை நிமிரவில்லை.

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர் நின்றார். "அன்னைக்கு அது இரைஞ்சுதா?" கத்தாமல், பழைய குரலில்.

"இரைஞ்சுது."

தலையை ஆட்டினார். வழியில் எனக்கு வெயில் படாமல் நிழல் பக்கமாக நடக்க விட்டார்.

இப்போதும் அவர் பெட்டிகளைச் சரிசெய்துகொண்டுதான் இருக்கிறார், வாங்க ஆள் இல்லை என்றாலும். முடிந்ததும் சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அரை மணி, ஒரு மணி. நான் காபி கொண்டுபோனால் தட்டிலிருந்து அவரே டம்ளரை எடுத்துக்கொள்கிறார், மேஜைமேல் வைக்க விடுவதில்லை. இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். எர்த் சரியில்லை, அடுப்படி வரைக்கும் இரைகிறது. அவர் கூப்பிடவில்லை.