ரோதமுனி திருப்பத்தில் அடங்கிய சத்தம்

அக்கா மகளின் கல்யாணம் நெருங்கியபோது என் கார் ஊளையிடத் தொடங்கியது. தாய்மாமன் காரில்தான் பெண் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தாய்மாமன் நான், இருப்பது இந்த ஒரு கார்.

மெதுவாகப் போனால் முனகல். வேகம் ஏற ஏற ராட்சத வண்டின் ரீங்காரம். டயர்தான் தேய்ந்திருக்கும் என்று மாற்றினேன். டயர் புதுசாச்சு, சத்தம் பழசாகவே இருந்தது.

பக்கத்து சீட்டிலிருந்த என் மனைவிதான் ஒன்றைக் கவனித்தாள். தேயிலை பேக்டரி வளைவில், மெஷின் சக்கரங்களுக்கெல்லாம் காவலான ரோதமுனிக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. குருவிட்டை டவுனுக்கு இறங்கும்போது அங்கே சத்தம் சட்டென்று அடங்கிவிடும். ஏறி வரும்போது அதே வளைவில் காதைக் கிழிக்கும்.

"பாத்தீங்களா? போறப்ப நின்னு சூடம் கொளுத்துறோம், சாமி அடக்கி வைக்குது. வர்றப்ப கண்டுக்காம வர்றோம். கோவம் வராதா?"

மறுநாளிலிருந்து வரும்போதும் சூடம் கொளுத்தினேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினேன். சத்தம் கூடியது.

"பழம் சின்னது" என்றாள்.

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கல்யாணப்பெண்ணே வந்து நின்றாள். "மாமா, நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன். மேளமே வேணாம், ஒங்க மாமா கார் போதும்னு சிரிக்கிறாங்க."

அக்கா அதற்கும் மேலே போனாள். "மாப்பிள்ள வீட்டு வேன் வருதுடா தம்பி. அதுலயே அனுப்பிர்றேன்."

மாப்பிள்ளை வீட்டு வேனில் பெண் போக, தாய்மாமன் பின்னால் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போவதா? மறுநாள் காலையிலேயே மனைவியோடு குருவிட்டை கராஜில் நின்றேன்.

மெக்கானிக் பாஸ் வலது பக்க முன்சக்கரத்தை ஜாக் வைத்துத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடக் கூடாத சக்கரம் கடகடவென்று ஆடியது. சுற்றிவிட்டார், உள்ளே மணலை அரைப்பதுபோல் கரகரத்தது.

"பெயாரிங் இவராய், மாத்தயா." சிங்களத்தில் சொன்னார், முடிந்துபோய்விட்டதாம்.

மனைவி விடவில்லை. ரோதமுனி கதை முழுவதையும் சிங்களத்தில் சொல்லி, ஏன் அடங்கியது என்று கேட்டாள். பாஸ் கையைச் சாய்த்துக் காட்டி விளக்கினார்: இறங்கும்போது கார் வலப்பக்கம் திரும்புகிறது, பாரம் இடது சக்கரத்துக்குப் போகிறது, கெட்ட பெயாரிங் இளைப்பாறுகிறது. ஏறும்போது பாரமெல்லாம் அதன் தலையில்.

"அப்ப சாமி ஒன்னுமே செய்யலையா?"

பாஸ் கும்பிடத் தெரிந்த மனிதர். "சக்கரம் கழண்டு ஓடாம இவ்வளவு நாள் புடிச்சிட்டு இருந்தது யாரு, அக்கே?" என்றார் தமிழில். மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கல்யாணத்தன்று கார் பூனைபோல் ஓடியது. பின்சீட்டில் அக்காவுக்கும் என் மனைவிக்கும் நடுவே பெண். ஊளை இருந்தவரை என் காரில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டதே இல்லை.

"பூவ இப்பிடியா வைக்கிறது?" என்றாள் அக்கா.

"நான் வச்சப்ப நேராத்தான் இருந்துச்சு மதினி. நீங்க தொட்டீங்க, சரிஞ்சிருச்சு."

"என் மகளுக்கு நான் தொடக் கூடாதா?"

கோயில் கோபுரம் தெரிகிற வரைக்கும் அது ஓயவில்லை. பெண் முன்னால் குனிந்து என் காதில் கேட்டாள்:

"மாமா, அந்தப் பழைய பெயாரிங்கத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"