அவளுடைய பாதி

என் கையெழுத்து கோழி கிண்டினதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கும் என்னைப்போல் இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதச் சொன்னது என் மனைவி பிலோமினாதான்.

இங்கிலிஷ்காரரின் இந்த நாட்டில் கோயிலுக்குள் சப்பாத்தோடு போகிறார்கள். ஸ்ட்ரெதமுக்குக் குடிவந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு அது பழகவில்லை. ஞாயிறு பூசைக்குப் போனால் வாசலில் குனிந்து கழற்றிவிட்டு, காலுறையோடு போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளைக்காரர் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். "நீங்கள் வெட்கப்படாத விஷயம் இது ஒண்டுதான்" என்று பிலோமினா சிரிப்பாள்.

உண்மைதான். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. மன்னாரில் எங்கள் கோயிலில் செபமாலை சொல்லும்போது ஒருவர் முதல் பாதியைத் தொடங்குவார். மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். நான் எப்போதும் முடிக்கிற கூட்டத்தில்தான். கலியாணத்துக்குப் பிறகு வீட்டிலும் அதே வழக்கம். அவள் "அருள் நிறைந்த மரியாயே" என்று தொடங்குவாள். நான் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பதில் சொல்வேன். வள்ளமேறி ஊரைவிட்டு வந்தபோதும் அப்படித்தான். அலை அடங்கவில்லை, என் நெஞ்சு அடங்கியது.

போன மாரிக் குளிரில் அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வு பழுதென்று கண்டார்கள். நெஞ்சைத் திறக்கவேண்டும், பிழைப்பாளென்று உறுதி சொல்ல ஏலாது என்றார் டொக்டர். சண்டையால் மன்னாரோடு தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்த காலம். சொந்தக்காரர் யாருக்கும் அறிவிக்க வழியில்லை. ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் தன் செபமாலையை என் கையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் வருமட்டும் நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம்" என்றேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சின்னச் செபக்கூடம் ஒன்று இருந்தது. சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுப் போய் முழந்தாளிட்டேன். தொடங்க முடியவில்லை. நாள்தோறும் கேட்ட வார்த்தைகள்தான், ஆனால் அது அவளுடைய பாதி. நான் அதைச் சொன்னால் அவள் இனி இல்லையென்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயம். அதனால் அவள் தொடங்கும் நேரத்துக்குப் பேசாமல் இருந்து, என் பாதியை மட்டும் சொன்னேன். இடையில் வரும் மௌனம் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போது துப்புரவு வேலை செய்யும் வயதான ஐரிஷ் பெண் ஒருத்தி என் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உன்னுடையதா? யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்."

"சொறி, சொறி" என்று தரையைக் காட்டினேன்.

"ஓ, நான் துடைத்த தரை அழுக்காகும் என்றா கழற்றினாய்? இந்தக் கட்டடத்தில் வேறு ஒருவருக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை!"

விளக்கிச் சொல்ல எனக்கு இங்கிலிஷ் போதாது. தலையாட்டிவிட்டேன். அவள் என் கையிலிருந்த செபமாலையைக் கண்டாள். யாருக்கு என்று கேட்டாள்.

"மை வைஃப். ஹார்ட்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். நான் என் பாதியைச் சொல்லி முடித்தேன். பிறகு வந்த மௌனத்தில் அவள் "ஹெயில் மேரி" என்று தொடங்கினாள். அவள் நிறுத்திய இடத்தில் என் வாய் தானாகவே தமிழில் பதில் சொன்னது. அவளுடைய வார்த்தைகள் எனக்குப் பாதிதான் விளங்கின, என்னுடையவை அவளுக்கு விளங்கவேயில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பத்து மணிகள் உருண்டன. பிலோமினா பிழைப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். எது நடந்தாலும் தொடங்கிவைப்பவர் ஆண்டவர், எனக்குரியது பதில் மட்டும் என்று தோன்றியது. அந்த அமைதி போதுமாயிருந்தது.

அவள் எழும்பிப் போனபோது பெயர் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிலோமினா கண் விழித்தாள். குழாய் எடுத்த தொண்டையில் சத்தம் இல்லை. செபமாலையைப் பார்த்து விரலை அசைத்தாள். வார்ட் நிறைய ஆட்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே தொடங்கினேன். அவளுடைய உதடுகள் பதில் சொல்லின.

குரல் திரும்பியதும், "என்ன சத்தமப்பா அது! பக்கத்துக் கட்டில் மனுசி முழிச்சிட்டா" என்றாள்.

இப்போது வீட்டில் மாறிமாறித் தொடங்குகிறோம். நான் தொடங்கினால் மன்னார்க் கோயிலின் கூட்டம் முழுவதும் பதில் சொல்வதுபோல் இருக்கிறது. அவள் தொடங்கினால், அவளுடைய குரலுக்கு அடியில் அந்த ஐரிஷ்காரியின் குரலும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் காலுறையோடு முழந்தாளிட்டிருக்கிறேன்.

ஸ்ட்ரெதம், 1993, பெரிய சனிக்கிழமை.