நிக்குத இஞ்சின்

பாத்திரக்கடைக்காரருக்குக் கார் பித்துப் பிடித்தால் என்ன ஆகும்? தொண்ணூற்றாறில் குமரகுருபரனைப் பார்த்திருக்க வேண்டும். டவுனில் அவர் கடையில் குடத்துக்குப் பேர் வெட்டும் சத்தம் காதைப் பிளக்கும். மனுஷன் கல்லாவில் சாய்ந்தபடி, பாபநாசம் மலைப்பாதையில் மேகத்துக்குள் வழுக்கிப் போய்க்கொண்டிருப்பார்.

கார் என்னவோ காண்டசாதான், கப்பல் மாதிரி நீளம். ஆனால் மூன்று கை மாறி வந்ததில் இஞ்சினுக்கு மூச்சு போயிருந்தது. மாதம் ஒருமுறை அவரும் பெண்டாட்டி சங்கரியும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், முதல் கொண்டை ஊசி வளைவில் ஆவியைக் கக்கிக்கொண்டு படுத்துவிடும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சூடு ஆறும்வரை நாவல் மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். கீழே தாமிரபரணி மினுங்கும். சங்கரி இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பாள். "என்ன அண்ணாச்சி, மக்கரா?" என்று பஸ் டிரைவர் கேட்டுவிட்டுப் போவார். அவளை இப்படி ரோட்டோரம் உட்கார வைக்கிறோமே என்று குமரகுருபரனுக்கு மானம் போகும். இனி ஒருநாளும் அவளை அங்கே உட்கார விடக் கூடாது, அவ்வளவுதான் அவர் ஆசை.

மெக்கானிக் பிச்சைக்கண்ணு இரண்டு வழி சொன்னார். "டீசல் இஞ்சின் போட்டா செலவு மிச்சம். ஆனா தடதடன்னு கத்தும். ஜப்பான் பெட்ரோல் இஞ்சின்னா காலத்துக்கும் உழைக்கும், மலையில ஏறுததே தெரியாது. எது வேணும், சொல்லும்வே."

தூக்கத்திலும் இஞ்சின்தான். கடைசியில் சங்கரியிடமே கேட்டார். கூட்டுக் குடும்பம், அடுக்களையில் மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று ஒரே இரைச்சல். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே, "நல்லா நிக்குத இஞ்சினாப் பாருங்க அத்தான்" என்றாள்.

"நின்னு உழைக்குததைக் கேக்கா, கெட்டிக்காரி!" என்று பூரித்துப்போய் ஜப்பான் இஞ்சினையே வைக்கச் சொன்னார்.

அடேயப்பா, வண்டியா அது! சாரலுக்குள் பூ மிதக்கிற மாதிரி ஏறியது. வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சங்கரி மட்டும் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபடி இருந்தாள். இட்லிப் பொட்டலம் மடியிலேயே இருந்தது.

"என்னளா, முகம் வாடிட்டு?"

"வீட்டுல நாம ரெண்டு பேரும் உக்காந்து நாலு வார்த்தை பேச முடியுதா? அங்கன ஒரு எடம் இருந்துச்சு. அதான் நிக்குத இஞ்சினாப் பாருங்கன்னேன்."

குமரகுருபரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தோமே, இவள் முகத்தைப் பார்த்தோமா என்று தன் மேலேயே கோபம் வந்தது. அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பினார். நாவல் மரத்தடியில் வந்து நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கி வைத்தார். சங்கரி சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தாள்.

பஸ் வந்தது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் மக்கரா?"

"ஆமாவே. இது லேசுல சரியாகாது. நீரு பைய போம்."