வாழை இலையில் படுத்த மணி ஐயர்

"அண்ணாச்சி, உங்க இலையில படுக்க மாட்டேன்னு ஒரு நோயாளி நிக்கிறாரு" என்று ஆஸ்பத்திரித் தோல் வார்டிலிருந்து ஆள் வந்தபோது, பழவங்காடிக் கடையில் கல்யாணத்துக்கு இலை கட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் என் இலை விழாத பந்தி கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் ஆஸ்பத்திரிக்கே இலை சப்ளை என்றால் சும்மாவா? நேரே போனேன்.

நோயாளி ஸ்ரீவராகம் மணி ஐயர், கல்யாணச் சமையல்காரர். உடம்பெல்லாம் கொப்புளம் உடைந்திருந்தது. துணி பட்டால் தோல் அதோடு உரிந்து வரும். வாழை இலைதான் ஒட்டாது. தண்டு சீவி, சுத்தம் செய்து விரித்திருந்தார்கள். ஐயரோ படுக்காமல் கட்டிலோரமே நின்றார். வேட்டி புண்ணோடு ஒட்டியிருந்தது.

"சாவு ஆரம்பிச்சுடுத்து ஓய்! டாக்டரம்மாவே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்ட்ட சொன்னா. இப்போ இலையும் போட்டாச்சு. இந்த ஊர்ல பொணத்தைத்தானே இலையில கிடத்துவா?"

மலையாளி டாக்டரம்மா தலையில் கைவைத்தார். "அண்ணாச்சி, ஞான் செல்லு சாகுறதைப் பத்தி கிளாஸ் எடுத்தேன், கேட்டோ. இவரோட சொந்த எதிர்ப்புசக்தியே தோல் செல்லுகளை ஒட்டிவைக்கிற பசையை அறுக்குது. செல்லு செத்து கொப்புளம் வருதா, பிரிஞ்ச பிறகு சாகுதா, அதுலதான் தர்க்கம். ஆளு சாகலை!"

"கேட்டேளா? எது முதல்ல சாகறதுன்னுதான் தர்க்கமாம்!" என்றார் ஐயர்.

இலையைப் பார்த்தேன். நுனி தெற்கே. சவத்துக்குப் போடுகிற போடு; ஆயிரம் பந்தி கண்ட ஐயர் கண் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் குறுக்கே திருப்பி, நுனி அவருக்கு இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போட்டேன்.

"இப்போ பந்தி இலை. படுங்க சாமி."

"அப்போ நான் என்ன, சாதமா?"

"சாதமோ சாம்பாரோ, படுத்தா மதி, அது போதும்!" என்றார் டாக்டரம்மா.

முதலில் இலையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் ஐயர். நர்ஸ் சலைன் தெளித்தாள். படுத்தார்.

ஊசி மருந்தில்தான் தேறினார் என்கிறார் டாக்டரம்மா. மருந்து ஏற ஆள் படுக்க வேண்டாமா?

பிறகு ஐயர் மகள் கல்யாணம். இலை ஆர்டர் கேட்கப் போனேன்.

"உம்ம இலையில நான் படுத்தாச்சு ஓய். அதுல சாம்பார் ஊத்தினா எனக்கு முதுகு எரியறது."

பந்தி முழுக்க ஸ்டீல் தட்டு.

இலைத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, ஆஸ்பத்திரிக்கு இலைக்கட்டை அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். கூடவே போய் நுனி பார்த்துப் போடுங்கள். ஐயர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், அத்தனை ஸ்டீல் தட்டுக்கு நடுவே, ஒரே ஒருவனுக்குத்தான் இலை. ஐயரே கொண்டுவந்து என் முன்னால் விரித்தார், நுனி இடது பக்கம்.