ஓரிக்கை மோட்டார்களும் எங்கள் மெஷினும்

எழுபதுகளில் நான் பார்த்த வேலைக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அதில் எவ்வளவு பூமிக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகிறது என்று ஆராய்கிற இடம். சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, தன்னிடமிருந்த பழையதை எங்களுக்குத் தள்ளிவிட்டது. ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்ற அந்த மெஷினைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு.

கணக்குகளை அட்டைகளில் துளைகளாகப் போட்டுக் கொடுப்பார்கள். நான் அவற்றை வரிசை குலையாமல் மெஷினுக்குள் செலுத்தி, விடையை அச்சடித்து எடுத்துத் தரவேண்டும். எங்கள் எதிர்வீட்டு நெசவுக்காரர் ஒருமுறை அந்த அட்டை ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சேலைக்குப் பூப்போட எங்கள் தறியில் மாட்டும் அட்டை மாதிரியே இருக்கிறதே, இதில் என்ன பூ விழும் என்று கேட்டார். பூ விழாது, தாமல் ஏரியின் ஆழம்தான் விழும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மெஷின் சூடானால் நின்றுவிடும். அதனால் அறையை ஏ.சி. போட்டு நடுங்க நடுங்க வைத்திருப்போம். நான் கத்திரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். டீ குடிக்க வெளியே வரும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டால், டீக்கடையில் இருப்பவர்கள் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். என் மகன் ஏ.சி. ரூமில் வேலை பார்க்கிறான் என்று அம்மா மட்டும் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

நிலையம் வேகமாக வளர்ந்தது. வருஷா வருஷம் புது விஞ்ஞானிகள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் மெஷின் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். கூடுதலாக ஏ.சி.கள் வாங்கினோம், அட்டையில் துளை போடும் மெஷின்களும் பெருகின. ஆனால் கரண்ட் மட்டும் வயல்வெளியில் நின்ற அதே டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் வந்தது. நிலையத்துக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். எங்கள் முறை இன்னும் வரவில்லை. வோல்டேஜ் குறைந்தால் சமாளிக்கப் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்று வைத்திருந்தோம். வோல்டேஜ் குறையக் குறைய அது லைனிலிருந்து இன்னும் அதிகமாக இழுத்து மெஷினுக்குக் கொடுக்கும். அதனால் மெஷினுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதே லைனில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை.

ஒரு மே மாதக் காலையில் வாட்ச்மேன் வந்து, டைரக்டர் உடனே வாசல் கேட்டுக்கு வரச் சொல்கிறார் என்றார். போட்டிருந்த ஸ்வெட்டரோடு ஓடினேன். கேட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து விவசாயிகள் நின்றுகொண்டிருந்தார்கள். டைரக்டர் வெளிமாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். கூட்டத்தின் முன்வரிசையில் என் சித்தப்பா நின்றார்.

அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஓரிக்கையில் நிலம். சின்ன வயதில் என்னைத் தன் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவர். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"சார், நாங்க ஓரிக்கைக்காரங்க சார். மோட்டாருக்குக் கரண்ட்டு வுடறதே காலையில கொஞ்ச நேரந்தான். அந்த நேரம் பாத்து உங்க மெஷினும் ஓடுது. மோட்டாரு சுத்த முடியாம முக்கிக்கினு நிக்குது சார். எனக்கு மோட்டாரு காயிலு எரிஞ்சிப் போச்சு. புதுசா கம்பி கட்டி எடுத்தாந்து மாட்டினேன், மறுபடியும் எரிஞ்சிப் போச்சு."

அவர் என்னைப் பார்த்துத்தான் சார் என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். சிலருக்கு நெல் கதிர் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒவ்வொன்றையும் நான் டைரக்டருக்கு இங்கிலீஷில் சொன்னேன். சித்தப்பா மறுபடியும் மறுபடியும் சார் போட்டார். வெயிலில் ஸ்வெட்டருக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. பெரிய அதிகாரி முன்னால் என் கௌரவம் குறையக்கூடாது என்றுதான் உறவைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். அதை ஏற்றுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. டைரக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னேன்.

"இவர் என் சித்தப்பா."

டைரக்டர் மரியாதையாகக் கைகுவித்தார். மற்றவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் நின்ற ஆள் கேட்டார்:

"ஏம்பா, உங்க அண்ணன் மவனா? மெட்ராஸ்ல கீறான்னு இல்ல சொல்லிக்கினு இருந்த?"

 சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் சார் போட்டது என் மானத்தைக் காப்பாற்ற அல்ல, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

டைரக்டர் நல்ல மனுஷன். பம்ப்செட் ஓடுகிற நேரத்தில் மெஷினைப் போடவேண்டாம், தனி டிரான்ஸ்பார்மர் வரும்வரை பிற்பகலில் மட்டும் ஓட்டினால் போதும் என்று அங்கேயே முடிவு செய்தார். விவசாயிகள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சித்தப்பா கடைசியில், கொஞ்சம் தள்ளி, தனியாக நடந்துபோனார்.

அதற்குப் பிறகு எங்கள் அறை வாசலில் கூட்டம் நெரிந்தது. ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையை அரை நாளில் செய்யவேண்டும். யாருக்கு முதலில், யாருக்கு நாளைக்கு என்று நான்தான் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஒரு விஞ்ஞானி தன் அட்டைக்கட்டை என் மேஜையில் போட்டுவிட்டு, உங்கள் சொந்தக்காரர் நெல் அறுத்ததும் சொல்லியனுப்புங்கள், வருகிறேன் என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் எடுத்த முடிவு, ஒரே வாரத்தில் நான் என் சித்தப்பாவுக்குச் செய்துகொடுத்த உதவியாக மாறியிருந்தது. மறுத்துச் சொல்லலாம். சொன்னால் இன்னும் பேசுவார்கள் என்று குனிந்து வேலையைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைக்குப் போனேன். சித்தி என்னை உட்காரவைத்துச் சோறு போட்டாள். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்றைக்குக் குழம்பு வேண்டுமா என்று கேட்டதோடு சரி. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வயலிலிருந்து வந்தார். கால் கழுவிவிட்டு, எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ சொல்லாம வுட்டிருக்கலாம்பா."

"நீங்க என்னை சார்னு கூப்பிட்டுக்கினே இருக்கிறீங்க. நான் எப்படிச் சித்தப்பா பேசாம நிக்கிறது?"

 அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். மோட்டார்கள் நிற்க ஆரம்பித்ததிலிருந்தே வயலில் எல்லோரும் அந்த மெஷின்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம். அது நான்தான் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

"நானும் சேந்துக்கினு திட்டினேன். மத்தவங்களவிட ஜாஸ்தியாவே திட்டினேன். திட்டலைன்னா ஏன்னு கேப்பாங்க இல்ல?"

 நான் தண்ணீர் குடித்தேன். அந்த மெஷின் அப்படி என்னதான் கணக்குப் போடுகிறது என்று சித்தப்பா கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கிணற்றுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறது என்றேன். சொல்லச் சொல்லவே என் குரல் இறங்கிப்போனது.

"கெணத்துல தண்ணி இருக்குதுப்பா," என்றார். "மேலதான் ஏறல."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. சித்தி இன்னொரு கரண்டி சோறு போட்டாள், நான் அதையும் பிசைந்து சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் நிலையத்துக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வந்தது. மெஷின் மறுபடியும் காலையிலேயே ஓடியது, ஓரிக்கை மோட்டார்களும் ஓடின. விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். சித்தப்பாவும் வீட்டுக்கு வருவார், போவார், அம்மாவிடம் சிரித்துப் பேசுவார். நிலையத்துக்கு வந்து பாருங்கள் என்று நான் பலமுறை கூப்பிட்டும் கேட் பக்கம் அவர் கால் வைக்கவே இல்லை.

வெகுகாலம் கழித்து, சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது யாரோ ஒருவர் என்னைக் காட்டி, தம்பிக்கு என்ன வேலை என்று சித்தப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சித்தப்பா சட்டென்று, "தண்ணி ஆபீஸ்ல கீறான்," என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போய் அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தேன். தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தவர், என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி என் இலையிலும் தெளித்தார்.