கேப்டனுக்குப் பின்னால் உட்கார்ந்தவள்

என் வீட்டுக்காரருக்கு டிவி பார்க்கத் தெரியாது. அதனோடு சண்டை போடத்தான் தெரியும்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்தும் அவர் தல்லாகுளத்து ஆபீஸிலிருந்தும் விளாங்குடி வீட்டுக்குத் திரும்பி, காபி குடித்த கையோடு அந்த விண்வெளித் தொடரைப் போட்டுவிடுவார். தமிழில் டப்பிங் செய்தது. அந்தக் கப்பலின் டாக்டரிடம் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி உண்டு. வெளிச்சம் அடித்தால் எப்பேர்ப்பட்ட காயமும் ஆறிவிடும். ஒரு வாரம் அதை வைத்து ஒரு ஊரையே காப்பாற்றினார்கள். அடுத்த வாரம் அதே டாக்டர் வயிற்றில் அடிபட்டுச் சாகக் கிடக்கிறார், சுற்றி நின்று எல்லோரும் அழுகிறார்கள். கருவியை ஒருத்தரும் நினைக்கவில்லை.

"அந்த லைட்ட எங்கடா வச்சீங்க? பீரோவுலயா?" என்று இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது.

கேப்டன் மேல் இன்னும் கோபம். அந்த ஆள் குண்டு மழையில் நடப்பார், சட்டை கசங்காது. கூடப் போகிற, பெயர்கூட இல்லாத சிப்பாய்தான் ஒவ்வொரு தடவையும் செத்துப்போவான்.

"அடுத்த வாரத்துக்கு இவன் வேணும், அதான் சாகவிட மாட்டேங்குறானுக. இம்புட்டு பெரிய கப்பல் கட்டத் தெரியுது, கையில இருக்கற கவசத்த எடுத்து மாட்டிக்கத் தெரியல."

இதைச் சொல்கிற மகானுபாவரின் ஹெல்மெட் அந்நேரம் வாசலில் ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். மகள் எங்களுக்கு ஆளுக்கொன்று வாங்கி அனுப்பியிருந்தாள். என்னுடையதில் அவர் சின்ன வெங்காயத்தைக் கொட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். காற்றோட்டமாக இருக்குமாம். "பின்னாடி உக்காந்திருக்கவள யாரு கேக்கப் போறா?" என்றார்.

அவருடையது எப்போது தலைக்கு ஏறும் என்பதற்கு எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. எதிரே வருகிறவர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார். முன்னால் போலீஸ் செக்கிங் என்று அர்த்தம். இவர் உடனே ஓரங்கட்டி ஹெல்மெட்டை மாட்டுவார். போலீஸைத் தாண்டியதும் கழற்றி, பழையபடி கண்ணாடியில் தொங்கவிடுவார். இந்த மனுசனின் மண்டை உடைந்தால் நான் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுடி" என்பார்.

"கேப்டனும் அப்படித்தான் சொல்றாரு" என்பேன்.

ஒரு நாள் காலை, திண்டுக்கல் ரோட்டில் எதிரே மொபெட்டில் வந்தவர் தலையில் கை வைத்தார். இவர் ஓரங்கட்டிப் பயபக்தியோடு ஹெல்மெட்டை மாட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். மொபெட்காரர் காற்றில் அவிழ்ந்த தலைத்துண்டை இன்னும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே போனார். எப்படியோ மாட்டினாரே, அது போதும்.

கொஞ்ச தூரத்தில், முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. இவர் பிரேக் பிடிக்க, மணலில் சக்கரம் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். அவர் தலை ரோட்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் எழுந்து நின்றவர் அவர்தான். ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல், ஆள் முழுசாக இருந்தார். என் கண்ணை ரத்தம் மறைத்தது.

நெற்றியில் தையல் போட்டார்கள். தலைக்குள் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்லும் வரை இவர் உட்காரவே இல்லை.

"இவங்ககிட்ட அந்த லைட் இல்லையாங்க?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை மனுசன்.

சில நாள் கழித்து மறுபடி தொடர் ஓடியது. கேப்டன் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கினார். பின்னாலேயே ஒரு இளம்பெண், வழக்கம்போல் பெயரில்லாதவள். இவர் கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் புள்ளைய ஏன்டா கூட்டிட்டுப் போற" என்றார், மெதுவாக. டிவியை அணைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனார். முறத்தில் வெங்காயம் கொட்டுகிற சத்தம் கேட்டது.

தையல் பிரித்து நான் பள்ளிக்கூடம் கிளம்பிய அன்று, கழுவிக் காயவைத்த என் ஹெல்மெட்டை அவரே மாட்டிவிட்டார். வெங்காய வாடை போகவில்லை. தன்னுடையதையும் வாசலிலேயே மாட்டிக்கொண்டார்.

விளாங்குடியைத் தாண்டியதும் எதிரே பைக்கில் ஒரு இளவட்டம் வந்தான். பின்னால் மனைவி. அவனுடைய ஹெல்மெட் அவள் கையில் கூடை மாதிரி தொங்கியது. இவர் தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினார். அவன் நிறுத்தினான், இவரும் நிறுத்தினார்.

"எங்கண்ணே நிக்கிறாங்க?"

"விளாங்குடி ஸ்டாப்புல. பின்னாடி உக்காந்திருக்கவங்களத்தான் பிடிக்கிறாங்க மாப்ள. தங்கச்சிக்கு மாட்டிவிடு."

அந்தப் பெண் மாட்டி, வாரைப் பூட்டி முடிக்கும் வரை இவர் வண்டியைக் கிளப்பவில்லை. நாங்கள் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் வந்திருந்தோம். அங்கே ஒரு போலீஸும் இல்லை.