விசாரிக்காத சம்பந்தம்

சம்பந்தம் பேசுகிற விஷயத்தில் லண்டன் லூயிஷாம் நகுலேஸ்வரியின் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது. மாப்பிள்ளையின் பூட்டன் குடித்தாரா, பெரியம்மாவுக்கு வலிப்பு இருந்ததா என்று பாரிசுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போன் போட்டுத் துருவிவிடுவார். அவரிடம் சட்டை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அளவோடு ஒரு மாப்பிள்ளையின் பெயரையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் ‘சரிவராது’ என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சொந்த மகள் மேனுஷா டொம்மைக் கூட்டி வந்தபோது மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைக்காரனிடம் என்னத்தை விசாரிப்பது? ஒரு கிழமை அழுதார். பிறகு பெடியன் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இப்போது மேனுஷாவுக்கு ஐந்து மாதம். பிள்ளையின் இதயம் ஸ்கானில் சரியாகத் தெரியவில்லை, பெரிய டொக்டர் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டொம் வேலையாக வெளிநாட்டில். துணைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தது நகுலேஸ்வரியும் டொம்மின் அப்பப்பா ஆர்தரும்தான்.

மேனுஷா இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று நகுலேஸ்வரி கிழவரைக் கேட்டார். அவர் தன் பழைய கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

பதினெட்டு வயதில் போர்க்கப்பலில் சேர்ந்தவராம். சோதனைக்காக அணுகுண்டு வெடிப்பதைப் பார்ப்பதற்கென்றே பசிபிக் கடலுக்கு அனுப்பினார்களாம். மேல்தளத்தில் முதுகைக் காட்டி இருத்தி, கண்ணைப் பொத்தச் சொன்னார்களாம். பொத்திய கைக்குள்ளே தன் விரல் எலும்புகள் தெரிந்தனவாம். பிறகு திரும்பிப் பார்க்கச் சொன்னார்களாம். வானம் கொதித்துக்கொண்டு நின்றதாம்.

“என் மூத்த மகன் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தான். ஒரு கிழமைகூட இருக்கவில்லை,” என்றார் ஆர்தர். “அந்தக் குண்டாலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.”

நகுலேஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை இப்போதா சொல்வது? பிறகு பயம். ஸ்கானுக்கு உள்ளே போகமுன் சொன்னால் தன் பெட்டை உடைந்துபோவாள். சொல்லாமல் விட்டால், குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருந்ததா என்று டொக்டர் கேட்கும்போது அவள் என்ன சொல்வாள்?

மேனுஷா வந்ததும் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார்.

“பிள்ளை, டொம்மின்ர அப்பப்பா குண்டு பாக்கப் போன கப்பல்ல...”

“தெரியும் அம்மா.”

“என்ன தெரியும்? அந்தாளின்ர மூத்த பெடியன்...”

“அதுவும் தெரியும். கலியாணத்துக்கு முதலே நான் கேட்டனான், அப்பப்பாவே சொன்னவர். டொக்டரிட்டையும் சொல்லிப்போட்டன்.”

“என்னட்டை ஏனடி சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?”

மாப்பிள்ளையின் தங்கச்சிக்கு மூச்சு முட்டு வருத்தம் என்ற ஒன்றுக்காகவே, தைக்க வருகிற ஒருத்தியின் மகள் துஷ்யாவின் சம்பந்தத்தைக் குழப்பியவர் நகுலேஸ்வரி. துஷ்யா இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள்.

கூட ஒருவர் மட்டும் வரலாம் என்றாள் நேர்ஸ்.

“அப்பப்பா வரட்டும் அம்மா. வெளியில இருந்து பயப்பட அவரால ஏலாது,” என்றாள் மேனுஷா.

கதவு சாத்திக்கொண்டது. நகுலேஸ்வரி தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கிழவர்தான் முதலில் வெளியே வந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“நன்றாக இருக்கிறது. இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம்,” என்றார்.

நகுலேஸ்வரி அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் தானும் இருந்தார். அவரின் அழுகை அடங்கியதும், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “உங்கள் மூத்த மகனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?” என்று கேட்டார்.

“மைக்கேல்,” என்றார் ஆர்தர்.